கட்டிங் டீ அளவு வயிறு

எடைக் குறைப்பு ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாழக் கற்றுக்கொள்ளத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

மும்பையில் 'கட்டிங்' என்றால் பாதி கிளாஸ் டீ. மான்குர்த் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றபடி அதை இரண்டு மிடறில் குடித்துவிட்டு, வாஷி பக்கமோ சி.எஸ்.எம்.டி. பக்கமோ போகும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஏராளம். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரின் வயிறு ஆரம்பத்தில் கொள்வது ஏறத்தாழ அந்த கிளாஸ் அளவுதான். ஆனால் அவரால் அதை இரண்டு மிடறில் குடிக்க முடியாது. சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக் குடிக்கக் கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குள் ரயில் போய்விடும்.

இந்த ஆபரேஷனைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். போய்விட்ட அந்த ரயிலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

மும்பைக்கு இந்தச் சிகிச்சை புதிதல்ல. 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஈமான் அகமத் என்ற பெண் சரக்கு விமானத்தில் இங்கே கொண்டுவரப்பட்டார். எடை 500 கிலோ என்றார்கள். கிரேன் வைத்துக் கட்டிலோடு தூக்கி சர்னி ரோடு சைஃபீ ஆஸ்பத்திரிக்குள் இறக்கிய காட்சியை உலகமே டி.வி.யில் பார்த்தது. மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. எடை 300 கிலோவுக்கு மேல் குறைந்ததாக டாக்டர்கள் அறிவித்தார்கள். அவருடைய தங்கை அதை ஏற்கவில்லை. மே மாதம் ஈமான் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25 அன்று இறந்துபோனார். கிரேனைக் காட்டிய காமிராக்கள் அதற்குள் வேறு எங்கோ போயிருந்தன.

அதே ஆண்டு மும்பை மாநகராட்சித் தேர்தல் நாளன்று, பருமனான போலீஸ்காரர் ஒருவரின் படத்தைப் போட்டு 'பலத்த போலீஸ் பந்தோபஸ்து' என்ற பொருளில் ட்விட்டரில் கிண்டல் செய்தார் எழுத்தாளர் ஷோபா டே. படத்தில் இருந்தவர் மும்பைக்காரரே அல்ல. மத்தியப் பிரதேச இன்ஸ்பெக்டர், 180 கிலோ. தன் பருமன் தின்று கொழுத்ததால் வந்ததல்ல, நோயால் வந்தது என்று பதில் சொன்னார் அவர். கேலி அனுதாபமாக மாற, மும்பையில் அவருக்கு இலவசமாக ஆபரேஷன் நடந்தது. வசாயைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் கதை இன்னும் நம்பிக்கை தருவது. 300 கிலோ எடையுடன் எட்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். 2015லும் 2017லும் இரண்டு ஆபரேஷன்கள் நடந்தன. நான்கு ஆண்டுகளில் 86 கிலோவுக்கு வந்து, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையை எட்டினார். அரசியல்வாதிகளும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். பாஜக தலைவராக இருந்தபோது 2011ல் நிதின் கட்கரி. நிதியமைச்சராக இருந்தபோது 2014ல் அருண் ஜேட்லி.

ஆக, இது பணக்காரர்களின் அழகு வைத்தியம் என்ற எண்ணம் தவறு. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்ட பருமனானவர்கள், செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்று காட்டியது. பலருக்குச் சர்க்கரை நோய் அடங்குகிறது. தூக்கத்தில் மூச்சு அடைப்பது குறைகிறது. முழங்கால் வலி தணிகிறது. ஆபரேஷனால் பலன் உண்டா என்பது இப்போது கேள்வியே அல்ல. அந்தப் பலன் தங்குவதற்கு என்னென்ன வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க மான்குர்த்தைவிடப் பொருத்தமான இடம் மும்பையில் இல்லை. ஒரு பக்கம் அணுசக்தி நகர், இன்னொரு பக்கம் தேவ்னார் குப்பைமேடு, எதிரே கடல்கழி. ரயில் பாதைக்காகவும் சாலைக்காகவும் அப்புறப்படுத்தப்பட்டவர்களை அடுக்கிவைத்த லல்லுபாய் காம்பவுண்ட் மாடிக் கட்டடங்கள் இங்கேதான் நிற்கின்றன. 1976ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து வரப்பட்டவர்களின் சீட்டா கேம்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தமிழ்க் குரல் கேட்காத சந்து குறைவு. மும்பையின் மனிதவள மேம்பாடு பற்றிய 2009ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தப் பகுதி அடங்கிய எம்-ஈஸ்ட் வார்டுக்குத்தான் கடைசி இடம்.

ஏழைப் பேட்டையில் பருமன் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பருமன் வருமானம் பார்த்து வருவதில்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 40 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 57 சதவீத இந்தியப் பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே வீட்டில், சமயத்தில் ஒரே உடம்பில் இருக்கின்றன. பத்து ரூபாய் சொச்சத்துக்கு வயிற்றை நிரப்பும் வடா பாவும், இனிப்பான டீயும், ரேஷன் அரிசியும் எடையைத் தரும். இரும்புச் சத்தையும் புரதத்தையும் தராது.

ஆபரேஷன் என்னதான் செய்கிறது? இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி மட்டுப்படுகிறது. இன்னொன்றில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவு குறுக்குவழியில் போகிறது. சத்து முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, காமிரா உதவியோடு செய்வதால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேலை ஆரம்பிப்பது வீட்டில்தான்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். தெளிந்த ரசம், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். பிறகு மசித்த உணவு. பிறகு குழைந்த சாதமும் வெந்த பருப்பும் முட்டையும். வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிவிடும். அதற்குப் பிறகும் நாளைக்கு ஐந்தாறு வேளை, ஒவ்வொரு வேளையும் நாலைந்து ஸ்பூன். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான். தட்டில் முதலில் தொட வேண்டியது புரதம். சாதம் கடைசியில். தமிழன் சாப்பாட்டுத் தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது இது. நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறது மருத்துவம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு வரி, மான்குர்த்தில் மிகக் கடினமானது: நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடிக்க வயிற்றில் இடமில்லை. ஆகவே நாள் முழுதும் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் வருவது நீர்ச்சத்து வற்றிப்போய்தான். பொதுக் கழிப்பறைக்குக் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டிய சந்தில், பெண்கள் பல தலைமுறைகளாகப் பழகிவந்த தந்திரம் ஒன்று உண்டு. தண்ணீரைக் குறைவாகக் குடிப்பது. இருட்டிய பிறகு போகத் தேவையில்லாதபடி மாலையிலேயே நிறுத்திக்கொள்வது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு இந்தப் பழக்கத்தோடு மோதுகிறது. சீட்டில் கழிப்பறையைப் பற்றி ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

அடுத்தது வேலை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். பாரம் தூக்குகிறவர் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கும் ஆபத்து இருக்கிறது. குடம் தூக்காமல் காலைப் பொழுது விடியாத வீட்டில் இதை யார் கேட்பார்கள்? ஆறு நாள் லீவு போட்டாலே அடுத்த ஆளை வைத்துவிடும் வீடுகளில் வேலை செய்யும் பெண் ஆறு வாரத்துக்கு எங்கே போவார்? நாள் முழுதும் சாம்பாரையும் சட்னியையும் ருசி பார்ப்பது ஓட்டல் சமையல்காரரின் தொழில். அவர் நாக்கை என்ன செய்வது? இரவு ஷிப்டு வாட்ச்மேனுக்கு 'காலை உணவு' எந்த மணிக்கு?

டிரைவர் விஷயம் இன்னும் கவனமானது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே பழைய அளவு அதிகமாகிவிடலாம். டாக்டரைப் பார்த்து அளவைக் குறைக்காமல் பழைய சீட்டையே காட்டி மாத்திரை வாங்குகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது தலை சுற்றினால் அது அவர் ஒருவருடைய பிரச்னை அல்ல.

வெயிலில் வந்து ஒரு கிளாஸ் கரும்புச் சாறு குடித்தால் என்ன ஆகும்? குறுக்குவழி ஆபரேஷன் ஆனவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் நேரே சிறுகுடலில் கொட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாரடைப்பு என்று பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். ஒருமுறை பட்டவர் கரும்பு மிஷினைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார். இந்த ஆபரேஷனின் கண்டிப்பான வாத்தியார் அது.

எல்லாக் கெடுதலும் இப்படி உடனே தெரிவதில்லை. பி12 வைட்டமின் உடம்பில் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பில் இருக்கும். அது தீரத் தீர, இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போகும். 'சர்க்கரையால்' என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அப்படித்தான். வாழ்நாள் முழுதும் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியாவது சில லட்சங்களைத் திரட்டிவிடுகிறார்கள். மாதாமாதம் மாத்திரைக்கு ஆகும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது முதலில் வெட்டப்படும் செலவு அதுதான்.

தெருமுனை டாக்டருக்கும் இதில் பங்கு உண்டு. ஆபரேஷன் செய்த நிபுணர் தூரத்தில் இருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தால் போவது சந்துக் கிளினிக்குக்குத்தான். அங்கே வழக்கமான வைத்தியம் ஒரு பாட்டில் குளூக்கோஸ். வாரக்கணக்கில் வாந்தி எடுத்து பி1 வைட்டமின் வற்றிய உடம்பில், முதலில் அந்த வைட்டமினைக் கொடுக்காமல் குளூக்கோஸை ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். இடுப்பு வலி என்று போனால் கிடைக்கும் வலி மாத்திரை, குறுக்குவழி போட்ட இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். இன்ன ஆபரேஷன், இன்ன தேதி, இந்த மருந்துகள் ஆகாது என்று எழுதிய ஒரு சின்ன அட்டை சட்டைப் பையில் இருந்தால் போதும். ரயில் பாஸோடு அதையும் வைத்துக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் நடப்பது வேறு கதை. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். ஆனால் சீப்பைப் பார்த்துக் கலங்குகிற பெண்ணிடம் அதை முன்பே யாரும் சொல்லியிருப்பதில்லை. தோல் தொங்கும். மும்பைப் புழுக்கத்தில் அந்த மடிப்புகளில் புண் வரும். ஊரிலிருந்து வரும் அத்தை வாசலிலேயே கேட்பார்: "என்ன உடம்புக்கு? ஏன் இப்படிப் பாதியா இளைச்சுட்டே?" இளைத்தால் நோய், பெருத்தால் சுகம் என்பது நம்மூர்க் கணக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு வாயோடு இலையை மடித்தால் விருந்து வைத்தவருக்கு மனத்தாங்கல். இதற்குப் பயந்தே பலர் ஆபரேஷனை மறைக்கிறார்கள். "வாக்கிங் போனேன், சாதத்தை விட்டேன்" என்கிறார்கள். அந்தப் பொய்யை நம்பி வாக்கிங் மட்டும் போய்ப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், தன் எடை இறங்காததற்குத் தன்னையே நொந்துகொள்கிறார்.

சாப்பாடு வெறும் சாப்பாடாக மட்டும் இருந்ததில்லை. மாமியார் திட்டினாலும், சம்பளம் வராவிட்டாலும், ரயிலில் நசுங்கி வீடு திரும்பினாலும் ஒரு தட்டு பஜ்ஜி ஆறுதலாக இருந்தது. ஆபரேஷன் தட்டை எடுத்துவிடுகிறது, துக்கத்தை எடுப்பதில்லை. சிலர் அந்த இடத்தில் மதுவை வைக்கிறார்கள். குறுக்குவழி ஆபரேஷன் ஆனவர் உடம்பில் மது வேகமாக ஏறும். இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கம் கூடுவதை 2012ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சுட்டிக்காட்டியது. உறவுகளும் ஆடிப்போகின்றன. 2018ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்ட தனிநபர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் திருமணம் செய்துகொண்டதையும், ஜோடியாக இருந்தவர்கள் அதிகமாகப் பிரிந்ததையும் கண்டது. உடம்பு மாறும்போது, அந்த உடம்பை வைத்துக் கட்டியிருந்த ஏற்பாடுகளும் மாறுகின்றன.

இதில் அரசும் இன்சூரன்ஸும் எங்கே நிற்கின்றன? 2022ல் உலக, அமெரிக்க நிபுணர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து, ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 27.5 ஆனாலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்றன. கொஞ்சம் பருமனுக்கே சர்க்கரையும் இதய நோயும் நம்மவர்களைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வகுத்த விதியோ 40 வேண்டும் என்கிறது. கடுமையான துணை நோய்கள் இருந்தால் 35. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இதை எடையாக மாற்றினால் வித்தியாசம் புரியும். டாக்டர்கள் 70 கிலோவிலேயே பேசத் தயார். இன்சூரன்ஸ் கம்பெனி 90 கிலோவும் நோயும், அல்லது 102 கிலோ வந்தபின் வா என்கிறது. வந்தாலும் அது ஆபரேஷனுக்குத்தான். அதன் பின்னான மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உணவு ஆலோசனைக்கும் பெரும்பாலும் கைக்காசுதான்.

இந்த இடைவெளியில்தான் விளம்பரங்கள் புகுகின்றன. 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம். இடையில் இருப்பது எதுவும் படத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தபோது, தமிழகம் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. தேர்ந்த கைகளில் இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு மிகக் குறைவு என்பது உண்மை. தேர்ந்த கை எது, ஆபத்துக்குத் தயாரான ஆஸ்பத்திரி எது என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அப்போது எழுந்த கேள்வி. அது இன்னும் பதில் பெறவில்லை.

இப்போது ஊசிகளும் வந்துவிட்டன. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. கத்தி வேண்டாம், வாரம் ஒரு ஊசி போதும் என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெகோவியில் உள்ள மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றுவிட்டதாக 2022ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆபரேஷனிலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு பலருக்குக் கொஞ்சம் எடை திரும்புகிறது. கத்தியோ ஊசியோ, இரண்டும் கேட்பது ஒன்றையே: வாழ்நாள் முழுதும் கவனம். அதற்கு நேரம் வேண்டும், காசு வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் கூடாது என்று முடிவு கட்டுவது சுலபம். அது அநியாயமும்கூட. சர்க்கரையும் மூச்சடைப்பும் அவர்களைத்தான் சீக்கிரம் கொண்டுபோகின்றன. செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மாநகராட்சி மருந்தகத்தில் பி12 ஊசியும் இரும்பு மாத்திரையும் தட்டாமல் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனை வார்டு ஆஸ்பத்திரியிலேயே நடக்க வேண்டும். உணவு ஆலோசகர் எழுதும் சீட்டில் பழக்கமில்லாத புரதப் பொடிக்குப் பதிலாக முட்டையும் பாசிப்பருப்பும் சுண்டலும் நெத்திலியும் இருக்க வேண்டும். முதலாளி இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் விட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் டாக்டர், சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? யார் தூக்குவார்கள்? கழிப்பறை எவ்வளவு தூரம்? வேலைக்கு எத்தனை மணி ரயில்?

பதில்கள் சரியில்லை என்றால் நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பதில்களுக்கு ஏற்ற சீட்டு எழுதினால் போதும். கட்டிங் டீயைக் கால் மணி நேரம் உட்கார்ந்து குடிக்க ஒரு பெஞ்சு இருந்தால், அடுத்த ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம்.